மூன்று இடத்தில் மேசை

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது பந்தியில் இலை போட்டிருக்கும். ஒவ்வோர் இலைக்கும் பக்கத்தில், தண்ணீர்ச் செம்பை ஒட்டி, கஞ்சி போட்டு மடித்த வெள்ளைத் துணி ஒன்று நிற்கும். நேராக நிற்காது, கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதை மடித்தவள் நான். நேராக நிற்கும்படி மடிக்கத் தெரிந்தவர் எங்களை விட்டு மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது.

என் உடன்பிறந்த அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும்படி பெரியவர்கள் சொன்னார்கள். நினைவு மலரில் நல்லதைத்தான் எழுத வேண்டும், அதுதான் முறை. அண்ணனைப் பற்றி எழுத என்னிடம் நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. கெட்டதெல்லாம் அவருக்குச் செய்தவர்கள் கணக்கில் இருக்கிறது. அவர்களில் நானும் ஒருத்தி. எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் தாய்மாமா வாங்கிப் படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கும்மா இப்ப? நல்லபடியா முடிச்சிரு" என்றார். நல்லபடியாகத்தான் முடிக்கப் போகிறேன் மாமா. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன்.

அண்ணன் பிறந்தது மடுல்சீமையில், தோட்டத்துக் கூலி வரிசை வீடுகளான லயத்தில், காம்பரா என்கிற ஒரே ஒரு அறையில். கோப்பிச் செடி நோய் வந்து பட்டுப்போய், அதைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம். அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவர். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்தார். எனக்குப் பதினான்கு வயது மூத்த அண்ணன், தோட்டத்துத் துரையின் பங்களாக் குசினியில் பீங்கான் கழுவும் வேலைக்குப் போனார். அப்போது துரைக்குக் கல்யாணம் ஆகவில்லை. சோறும் கறியும் ஒரு போத்தலும் இருந்தால் அவருக்கு அதுதான் விருந்து. சாப்பாட்டு மேசை வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்த பழைய அப்பு ஊருக்குப் போனதும், அந்த வேலை அண்ணன் கைக்கு வந்தது. அன்றிலிருந்து மடுல்சீமையில் அப்பு என்றால் அண்ணன்தான்.

அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகையில், பாதிரியார் தொப்பி மாதிரி மடித்த மேசைத் துணியின் படம் ஒன்று இருந்ததாம். கையும் வாயும் துடைக்கும் அந்தத் துணியை எங்கள் பக்கத்தில் லேஞ்சி என்போம். படத்தைப் பார்த்துப் பார்த்து அந்தத் தொப்பியை மடித்துவிட்டார். பத்து நாளில் அது சலித்துவிட்டது. பிறகு தானாகவே மடிக்கத் தொடங்கினார். கோபுரம் மடித்தார், ஆமை மடித்தார். அம்மாவின் கிழிந்த வெள்ளைச் சேலையைச் சதுரம் சதுரமாக வெட்டி, சோறு வடித்த கஞ்சியில் முக்கிக் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காம்பராவில் உட்கார்ந்து மடித்துப் பார்ப்பார். அப்படி வந்ததுதான் கொழுந்து மடிப்பு. நடுவில் ஒரு கூரான மொட்டு, இரண்டு பக்கமும் விரிந்த இரண்டு இலை. மொட்டின் நுனியில் ஒரு தேயிலைப் பூவைச் செருகி நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"நாள் பூரா மலையில இதத்தான் ஒடிக்கிறேன். வீட்டுக்கு வந்தாலும் இதுதானா?" என்றார்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டேதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

துரை சீமைக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் துரைசாணியை அழைத்து வந்த பிறகு பங்களாவில் விருந்தில்லாத சனிக்கிழமை கிடையாது. லுணுகலைப் பக்கத்துத் துரைமார் எல்லாரும் குதிரையில் வந்து இறங்குவார்கள். மழைக்காலத்தில் தோட்டத்துப் பூவெல்லாம் அழுகிப்போன ஒரு வாரம், அண்ணன் பாறையிலிருந்து பாசியைப் பாய் பாயாக உரித்து வந்து மேசை நடுவில் நீளமாக விரித்தார். அதன்மேல் ஓடைக் கூழாங்கற்களைக் கழுவி வைத்தார். இடையில் இறகு மாதிரி இலை விரிக்கும் சின்னச் சின்னப் பன்னம் செடி. பெரிய சூப்புக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தேயிலைப் பூவை மிதக்கவிட்டார். துரைசாணி பார்த்துவிட்டுக் குப்பை என்று கத்தினாராம். வந்தவர்கள் ஆகா ஓகோ என்றதும் கத்தலை விழுங்கிக்கொண்டார். கச்சான் காற்றில் எல்லாம் கருகிய மாதத்தில், காய்கறிப் பாத்தியிலிருந்து முள்ளங்கியையும் பீட்ரூட்டையும் இலையோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, உடைந்த விளக்குக் கண்ணாடிகளில் நிறுத்தினார். சிவப்பு வேண்டுமென்றால் முள்முருக்கம் பூ. அதுவும் இல்லாத நாளில் நாகமரத்தின் சிவந்த தளிர். பீங்கானுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே கட்டைவிரல் கணு ஒன்று இடம் விடுவார். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இதெல்லாம் அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். காது கேளாத கிழட்டுத் துரை ஒருவர் வருவார். அவருக்கு முன்னால் மட்டும் பூவைத் தாழ்த்தி வைப்பார் அண்ணன், எதிரில் பேசுகிறவரின் உதடு தெரிய வேண்டும் என்று. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு துரைசாணி வந்த நாளில், ஆளில்லாத நாற்காலி ஒன்றுகூட அந்த அம்மா கண்ணில் படாதபடி நாற்காலிகளை நெருக்கிப் போட்டார். இவற்றை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த அறையில் அவர் வாய் திறக்கக்கூடாது. ஆகவே கண்ணால் எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டார்.

என்னைப் பதுளையில் மிஷன் பெண்கள் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. துரைசாணியிடம் கேட்டார். அவர் ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதிக் கொடுப்பதற்குத் தோட்டத்தில் துண்டு என்று பெயர். அந்தத் துண்டைக் காட்டியதும் பள்ளியில் மறுபேச்சில்லாமல் என்னைச் சேர்த்துக்கொண்டு, தங்குவதற்கும் இடம் கொடுத்தார்கள். லயத்துப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. துரைசாணியின் முதல் துண்டு பலித்தது. அதனால்தான் இரண்டாவது துண்டையும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பதுளையில் துரைமார் பூக்கண்காட்சி வைத்தார்கள். பெரிய கூடாரத்துக்குள் விருந்து மேசை அலங்காரத்துக்கும் ஒரு போட்டி இருந்தது. பள்ளியிலிருந்து எங்களை வரிசையாக அழைத்துப் போனார்கள். ஒரு மேசையைக் கண்டதும் என் கால் நின்றுவிட்டது. பாசி, கூழாங்கல், மிதக்கும் தேயிலைப் பூ. பன்னிரண்டு பீங்கானுக்குப் பக்கத்திலும் பன்னிரண்டு கொழுந்து. அம்மாவின் சேலையில் பிறந்த கொழுந்து.

"இது எங்க அண்ணன் வச்ச மேசை!" என்று கத்திவிட்டேன்.

டீச்சர் என் தோளைக் கிள்ளினார். மேசைக்குப் பின்னால் துரைசாணி தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி என்னவென்று கேட்க, துரைசாணி சிரித்தபடி ஏதோ சொன்னார். அப்போது எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. வேலைக்காரன் கூடை தூக்கி வந்தான், பிள்ளைக்கு அது விளங்கவில்லை என்று சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது. அந்த மேசைக்குத்தான் வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. கிண்ணத்தில் துரைசாணியின் பெயரை வெட்டிக் கொடுத்தார்கள். அண்ணன் கூடாரத்துக்கு வெளியே மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஓடிப்போய் அழுதேன்.

"விடு தங்கச்சி," என்றார். "கிண்ணம் அவங்களுக்கு. கை நம்மகிட்டத்தானே இருக்கு."

அன்று துரைசாணி அவருக்கு ஒரு பட்டு லேஞ்சி கொடுத்தார். அண்ணன் அதைப் பெரிய மரியாதையாக நினைத்தார்.

துரையும் துரைசாணியும் தோட்டத்தை விட்டுச் சீமைக்கே திரும்பிய வருடம், புறப்படும் காலையில் துரைசாணி அண்ணனைக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தார். பெரிய பெரிய எழுத்தில் பக்கம் நிறைய எழுதியிருந்தது. அவ்வளவு நீளமான துண்டு மடுல்சீமையில் யாரும் வாங்கியதில்லை. அண்ணனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, காதுக்கும் நாலு ஏவல் சொல்தான் பழக்கம். ஆனால் மேசை விரிப்பு வைக்கும் பெட்டியின் மூடியில் 'டேபிள்' என்று கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கும். தினமும் திறந்து மூடிய பெட்டி. அந்த ஒரு சொல்லின் உருவம் அவருக்குத் தெரியும். துண்டில் விரலை வைத்துத் தேடினார். மூன்று இடத்தில் அகப்பட்டது.

அன்றிலிருந்து லயத்துக்கு வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். "இங்க பாருங்க, மேசை. இங்க ஒண்ணு. இந்தா கீழ ஒண்ணு. மூணு எடத்துல மேசைன்னு எழுதியிருக்காங்க." பென்சிலால் மூன்று சொல்லுக்கும் அடியில் மெல்லிசாகக் கோடு போட்டு வைத்தார். பட்டு லேஞ்சியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தார். துண்டுக்குள் துண்டு என்று நான் கேலி செய்வேன்.

புதிதாக வந்த துரை அந்தத் துண்டை வாசித்துவிட்டு அண்ணனை மேசைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி, முற்றம் கூட்டவும் குதிரைக்குப் புல் வெட்டவும் வைத்தார். அண்ணன் லுணுகலைப் பக்கத்தில் இரண்டு பங்களாக்களுக்குப் போனார். அங்கேயும் வாசித்தார்கள், மடித்துக் கொடுத்தார்கள், இடம் இல்லை என்றார்கள். "நான் சம்பளம் கூடக் கேப்பேன்னு பயப்படுறாங்க போல" என்று அண்ணன் சொன்னார். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

நான் படிப்பு முடிந்து ஹாலிஎலையில் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். பண்டாரவளையில் துரைமார் வந்து தங்கும் ஒரு விடுதியில் மேசைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அண்ணனுக்குச் சேதி வந்தது. இருபது பேர் உட்காரும் மேசை, ஜன்னல் வழியே மலை தெரியும் அறை. அவருக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. போகிற வழியில் என்னிடம் வந்தார். பட்டு லேஞ்சியைப் பிரித்துத் துண்டை என் கையில் வைத்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு முழுசா வாசிச்சுத் தமிழ்ல சொல்லு. அங்க கேட்டா நான் தடுமாறக் கூடாது."

வாசித்தேன். அதில் இருந்ததை இப்போது தமிழில் எழுதுகிறேன். இவன் திருடமாட்டான், குடிக்கமாட்டான், பீங்கானை உடைக்காமல் கழுவுவான். மேசை வைப்பதைப் பற்றி இவனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டு மேசையை எப்போதும் நானே வைத்தேன். இவனை யாரும் மேசைப் பக்கம் விடாமல் இருப்பது நல்லது.

மூன்று இடத்தில் மேசை. அண்ணன் பிழையாகப் பார்க்கவில்லை.

ஏன் இப்படி எழுதினார் என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். கிண்ணம் கப்பலேறிப் போகிறது, கை இங்கேயே இருந்துவிடுகிறது. அந்தக் கை வேறொரு பங்களாவில் ஒரு கொழுந்தை மடித்து வைத்தால், பூக்கண்காட்சி மேசையை வைத்தது யார் என்பது எல்லாத் துரைசாணிமாருக்கும் தெரிந்துபோகும். அவ்வளவுதான். ஒரு கிண்ணத்துக்காக. அத்தனை வருடம் தன் வீட்டுச் சோற்றுக்கு அழகு சேர்த்தவரை, அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து, அவருக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதினார். எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே கையில் கொடுத்தார்.

ஆனால் அதைவிடப் பெரியது இனிமேல்தான்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளித்து, வெள்ளைக் கோட்டைக் கஞ்சி போட்டு மாட்டியிருந்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "மேசை வைப்பதில் இவருக்கு நிகர் யாரும் இல்லை. எங்கள் வீட்டு மேசையை எப்போதும் இவரே வைத்தார். எந்த மேசையையும் இவரை நம்பி ஒப்படைக்கலாம்."

அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதி, எனக்குப் பயம். அந்த முகம் மாறுவதைப் பார்க்கிற துணிச்சல் என்னிடம் இல்லை. அண்ணன் என்னை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி அந்த மூன்று வரியையும் மனப்பாடம் செய்துகொண்டார். துண்டை மறைத்து வைத்துவிட்டு வெறுங்கையோடு போங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. போகும்போது, "ஒன்னப் படிக்க வச்சது வீண் போகல தங்கச்சி" என்றார்.

பண்டாரவளையில் நடந்ததை எனக்குச் சொன்னவர், எல்லாரும் பதுளைக் கடை நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளி. அவர் அந்த விடுதிக்கு அரிசி, சீனி கொடுப்பவர். அன்று அங்கே இருந்தார். விடுதிக்காரர் துண்டை வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் நிமிர்ந்து நின்று, வேலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நான் சொல்லிக்கொடுத்த மூன்று வரியையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார். குசினியிலிருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கும் விடுதிக்காரர் துண்டை இங்கிலீஷிலேயே வாசித்துக் காட்டியிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும், நல்ல வார்த்தையைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கூடச் சேர்ந்து சிரித்தாராம்.

நானாவுக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்.

"அப்பு, இத ஒங்களுக்கு யாரு வாசிச்சுக் காட்டின?"

"என் தங்கச்சி. இங்கிலீஸ் படிச்ச புள்ள."

நானா உண்மையைச் சொல்லிவிட்டார். "சொல்லாம இருக்க ஏலாம போச்சு மகள்" என்று பிறகு என்னிடம் வருத்தப்பட்டார். நானா, நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. ஒரு நாள் பழக்கத்தில் நீங்கள் செய்ததைக் கூடப்பிறந்த நான் செய்யவில்லை.

மூன்றாம் நாள் பகல் இடைவேளையில் அண்ணன் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். வேலை கிடைத்ததா என்று கேட்டேன். துண்டை நீட்டினார்.

"இன்னொரு தரம் வாசி."

அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. வாங்கி, கண்ணை அதில் வைத்துக்கொண்டு, "மேசை வைப்பதில் இவருக்கு நிகர்" என்று தொடங்கினேன். இரண்டாவது வரிக்குப் போகும்போது அண்ணன் கையை உயர்த்தினார்.

"போதும்."

துண்டை வாங்கி நிதானமாக மடித்தார். அவர் குரல் உயரவே இல்லை.

"தொரைசாணி எனக்கு யாரு? எங்கேயோ பொறந்தவ. பொய் எழுதினா, கப்பலேறிப் போயிட்டா. நீ என் தங்கச்சி. அம்மா வயித்துல எனக்குப் பின்னால பொறந்தவ. நீ ஏன் என்னை வேடிக்கையாக்கின?"

பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் நடந்து போய்விட்டார்.

அதன் பிறகு நானா தம் கடையை ஒட்டியிருந்த சாப்பாட்டுக் கடையில் அண்ணனுக்கு வேலை கொடுத்தார். பலகை மேசை, தகரச் சாப்பாட்டுக் கோப்பை, வண்டிக்காரரும் சந்தைக்கு வந்தவர்களும் சாப்பிடும் இடம். அண்ணன் அங்கேயும் கோப்பைக்கும் விளிம்புக்கும் நடுவே கட்டைவிரல் கணு அளந்தார். வெள்ளிக்கிழமைகளில் சோடாப் போத்தலில் பன்னம் இலை நிற்கும். மூட்டை சுமந்து களைத்து வருகிறவருக்குச் சுவரோரமாக, முதுகு சாய்க்க வசதியான இடத்தில் கோப்பை வைப்பார். வண்டிக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு கை கழுவாமல் அந்த மேசையில் உட்காரக் கூச்சப்பட்டார்கள்.

என் கல்யாணத்துக்கு அண்ணன் வருவாரோ மாட்டாரோ என்று அம்மா பயந்துகொண்டிருந்தார். முதல் நாளே வந்துவிட்டார். பந்தி முழுவதும் அவர் பொறுப்பு. காடாத் துணி வாங்கி வெட்டி, கஞ்சி போட்டு, ஒவ்வோர் இலைக்கும் ஒரு கொழுந்து மடித்து நிறுத்தினார். இதைப் படிக்கிற பலர் அன்று அந்தப் பந்தியில் இருந்தீர்கள். எதற்கென்று தெரியாமல் அதைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு போன மாமாமாரும் இங்கே இருக்கிறீர்கள். மாப்பிள்ளை இலைக்குப் பக்கத்தில் பூச்செருகிய கொழுந்து நின்றது. என் இலைக்குப் பக்கத்திலும் துணி இருந்தது. அதில் கஞ்சி இருந்தது, மடிப்பு இல்லை. தட்டையாக விரித்துக் கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. கையில் எடுத்துப் பார்த்தேன். துவைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்த துணி. எனக்கு என்ன செய்யவேண்டுமோ அதையெல்லாம் செய்தார். மடிப்பை மட்டும் கொடுக்கவில்லை.

அம்மாவைக் கடைசி வரை வைத்துக் காப்பாற்றியது அண்ணன். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் பதுளையிலிருந்து ஓடி வருவார். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. என்னோடு பேசாமல் இருந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேசினார், சாப்பிட்டார், சிரித்தார். ஆனால் அதன் பிறகு ஒரு கடிதத்தைக்கூட என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னதில்லை. தபால் வந்தால் நானாவிடம் கொண்டு போவார். டீச்சர் வேலை பார்க்கும் தங்கை வீட்டில் இருக்கும்போது, கவரைப் பிரிக்காமல் மடியில் செருகிக்கொண்டு கடைக்கு நடப்பார். அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பது எனக்குச் சரியான தண்டனையாக இருந்தது.

சென்ற வருடம் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கத் தொடங்கியதும் வற்புறுத்தி என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒரு மாதம் படுக்கையில் இருந்தார். ஒரு நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அந்தத் துண்டு விசயத்துல என்னை மன்னிச்சிருங்க."

அண்ணன் கோப்பையைப் பார்த்தார். "கஞ்சி ஆறுது" என்றார். நான் கரண்டியை நீட்டினேன். குடித்தார். பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில், பதற்றமில்லாமல் அவர் மூச்சு அடங்கியது. பதுளைக்கு ரயில் வருவதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் வந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை.

மன்னித்தார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். இன்னொரு தரம் அண்ணன் சொல்லாததை அவர் பெயரில் வாசித்துக் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

அண்ணன் நோயில் கிடந்தபோது தினமும் வந்து பார்த்த பதுளைக் கடை நானாவுக்கும், இரவல் கட்டிலைத் தந்து திரும்பக் கேட்காதிருக்கும் அடுத்த வீட்டாருக்கும், மடுல்சீமையிலிருந்து மழையில் நடந்து வந்து பாடை கட்டிய லயத்து உறவினருக்கும், மருந்து அரைத்துக் கொடுத்த வைத்தியருக்கும், இந்த மலரில் என் கோபத்தைத் திருத்தாமல் அப்படியே அச்சுக் கோத்த அச்சகத்தாருக்கும், கடைசி வரை அண்ணனை ஒரு நாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னைப் பள்ளியில் சேர்த்ததற்காகத் துரைசாணிக்கும் ஒரு நன்றி சொல்லிவிடு என்றார் மாமா. அந்தப் படிப்பை வைத்துத்தான் அவர் எழுதியதை இன்று உங்களுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். அது போதும்.

தகரப் பெட்டியில் அந்தத் துண்டு பட்டு லேஞ்சியில் சுற்றியபடியே இருந்தது. எரித்துவிடலாம் என்றார்கள். எரிக்கவில்லை. ஆனால் அது ஒன்றுதான் அண்ணனைப் பற்றி எழுதிய காகிதமாக உலகத்தில் இருக்கக்கூடாது. ஆகவே, இங்கிலீஷும் தமிழும் வாசிக்கத் தெரிந்த நான், இதன் கீழே எழுதிக் கொடுப்பது:

இவர் என் அண்ணன். மடுல்சீமைப் பங்களாவில் இருபது வருடம் மேசை வைத்தவர் இவரே. பதுளைப் பூக்கண்காட்சியில் வெள்ளிக் கிண்ணம் வாங்கிய மேசை இவர் கையால் வைத்தது. எந்த ஊரில், யார் வீட்டில், எத்தனை பேர் உட்காரும் மேசையானாலும், இவரை நம்பி விடலாம்.

மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன் அண்ணே. இந்தத் தரம் சரியாக வாசித்திருக்கிறேன்.